லைனில் கேட்ட விசில் சத்தம்

தம்பி, அந்த ஜன்னலை மட்டும் மூடிடாதீங்க. மழையே அடிச்சாலும் பரவாயில்லை, திறந்தே கிடக்கட்டும். எனக்காகச் சொல்லலை. எனக்கென்ன, என்னைச் சாக்குக்குள்ள கட்டிப் போட்டாலும் குறட்டை விட்டுத் தூங்குவேன். அதோ முன்னாடி, டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசையில, பொம்பளைங்க சீட்டுல, பச்சைச் சேலை கட்டி மடியில துணிப்பையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறாள் பாருங்க, அவள்தான் என் வீட்டுக்காரி. பேரு சங்கரவடிவு. அவளுக்குத்தான் உடம்பு சரியில்லை. மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். அவளுக்குக் காற்று வரணும்ல.

அவள் அங்கே இருக்கிறாள், ஜன்னல் இங்கே இருக்கேன்னு யோசிக்கிறீங்க. பஸ்ஸுக்குள்ள வர்ற காற்று எல்லாருக்கும் பொதுதானே தம்பி.

என் பேரு வெயிலுமுத்து. எட்டயபுரத்துக்கு மேற்கே நாலு மைல் உள்ளே. அந்தப் பக்கத்துல கல்யாணமோ, சடங்கோ, கோயில் கொடையோ, இழவோ, எதுவானாலும் மைக் செட் நம்மளுதுதான். ஐம்பது வருஷமா சத்தத்தோடயே குடித்தனம் நடத்துறவன். எந்தக் குழாய் ஸ்பீக்கர்ல கரகரப்பு, எந்த வயர்ல லூசு, எந்தப் பெட்டிக்குள்ள கரப்பான் குடியிருக்குன்னு தெருமுனையில நின்னே சொல்லிடுவேன். பள்ளிக்கூடம் மூணாம் வகுப்போட சரி. ஆனா இந்தக் காது இருக்கே, இது பட்டப் படிப்பு படிச்ச காது.

அப்பேர்ப்பட்ட காதுக்கு வந்த சோதனையைத்தான் சொல்ல வந்தேன். போன்ல வைத்தியம் பார்க்குறாங்களாம் தம்பி. தொட்டுப் பார்க்க வேண்டாம், நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடிக்க வேண்டாம். டாக்டர் அங்கே ஒரு நாற்காலியில, நோயாளி இங்கே ஒரு நாற்காலியில. நடுவுல ஒரு போன். நம்ம சண்முகம் கடையில இட்லியையும் இப்படிப் போன்லயே காட்டிட்டா எவ்வளவு மாவு மிச்சம்.

இருங்க. கொஞ்சம்.

ம். ஒண்ணுமில்லை. வேகமாப் பேசினா வாய் உலர்ந்து போகுது. அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் குடுங்க. வேண்டாம், வேண்டாம், வச்சிடுங்க. அவள் திரும்பிப் பார்க்கிறாள். தண்ணியை அளந்துதான் குடிக்கணும்னு டாக்டரம்மா அவளுக்குச் சொல்லியிருக்கு. அவள் அதை எனக்கும் சேர்த்து வச்சுட்டாள். தனியாப் பத்தியம் இருக்கச் சங்கடமா இருக்கும்ல, அதான்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன், இல்லைன்னா பின்னால வர்றது உங்களுக்கு விளங்காது. எங்க பக்கத்துப் பழைய பொம்பளைங்க புருஷன் பேரை வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. சொன்னா அவனுக்கு ஆயுசு குறையுமாம். பக்கத்து வீட்டுல குருசாமின்னு ஒருத்தன். அவன் பொண்டாட்டிக்கு என்ன கஷ்டம்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை குருசாமின்னு சொல்ல வேண்டி வரும்? எனக்கு வச்ச பேரைப் பாருங்க. கரிசக்காட்டுல பிறந்து, கரிசக்காட்டுல வாக்கப்பட்டு, வெயில்ங்கிற சொல்லை நாக்குல படாம ஒருத்தி குடும்பம் நடத்தணும். நாற்பத்துமூணு வருஷமா நடத்துறாள். 'மேல காயுது'ம்பாள். 'வத்தலை அந்தக் காய்ச்சல்ல போடு'ம்பாள். சித்திரை மாசம் ஊரே வெயில் வெயில்னு அலறும்போது இவள் மட்டும் 'இன்னைக்கு என்னா காந்தல்'னு சொல்லிட்டு விசிறுவாள்.

ஒரு தடவை ரேஷன் கார்டுக்குப் பேர் எழுத ஒருத்தன் வந்தான். வீட்டுக்காரர் பேரு என்னம்மான்னு கேட்டிருக்கான். நான் வீட்டுல இல்லை. இவள் மேலே கையைக் காட்டியிருக்கிறாள். அவன் 'ஆகாசம்'னு எழுதிட்டுப் போயிட்டான். நாலு வருஷம் நான் ஆகாசமா இருந்துதான் அரிசி வாங்கினேன்.

சரி, அவள் சீக்குக்கு வருவோம். அது ஆரம்பிச்சது எங்க ஊரு பங்குனிப் பொங்கல் திருவிழாவுல. அம்மன் கோயில் வேப்ப மரத்துல குழாய் கட்ட ஏறினேன். வருஷா வருஷம் ஏறுற மரம். மூணாவது கிளைக்குப் போனதும் உட்கார்ந்துக்கிட்டேன். களைப்பெல்லாம் இல்லை, அங்கே காற்று நல்லாயிருந்துச்சு. அரை மணி நேரம் காற்று வாங்கினேன். கீழே பார்த்தா வடிவு அண்ணாந்து நிற்கிறாள். முகம் அப்படியே வெளுத்துப் போயிருக்கு. அன்னைக்கே எனக்குச் சந்தேகம், இவளுக்கு என்னமோ கோளாறுன்னு.

இறங்கும்போது ஏணி கொண்டு வந்து, இடுப்புல கயிறு கட்டி, நாலு பேராப் பிடிச்சு இறக்கினாங்க. ஒரு மரியாதைக்குத்தான். ஐம்பது வருஷம் அந்தக் கோயிலுக்குச் செட்டு போட்டவனை அப்படித்தானே இறக்குவாங்க.

அதுக்கப்புறம் பிடிச்சாள் பாருங்க. "ஒரு தடவை டாக்டர்ட்ட காமிச்சுட்டு வருவமே." சோறு போடும்போது அதே பேச்சு. துணி காயப் போடும்போது அதே பேச்சு. "நடந்தா உங்களுக்கு மூச்சு எரைக்குது." மூச்சுன்னா எரைக்கத்தான் செய்யும், பாட்டா பாடும்? "கால் வீங்கியிருக்கு." செருப்பு சின்னதாப் போச்சுடின்னேன். மூணு மாசம் தம்பி. நானும் அசையலையே.

ஆஸ்பத்திரின்னா எனக்குப் பயம்னு நினைச்சுடாதீங்க. எங்க அண்ணன் இப்படித்தான், பஸ் ஏறி, தன் கால்ல நடந்து போய்த்தான் அந்தக் கட்டில்ல படுத்தார். கையில வாழைப்பழச் சீப்பு வேற. நாலாம் நாள் நானே அவர் வீட்டு வாசல்ல கம்பு நட்டு, குழாய் கட்டி, ஒப்பாரி போட்டுவிட்டேன். செட்டு அன்னைக்குச் சுத்தமாப் பாடுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

ஆடி பிறந்ததும் பார்த்தா, வடிவு என்னைப் பத்தின பேச்சையே விட்டுட்டாள். ஒரு வார்த்தை கிடையாது. சொன்னாக் கேட்டுக்கிறவள்தான், கொஞ்சம் நாள் பிடிக்கும். அதுக்குப் பதிலா அவளுக்கு முட்டி வலி வந்துடுச்சு.

"எனக்கு முட்டி வலி தாங்க முடியல. நர்சம்மா நம்ம வீட்டுக்கே வந்து போன்ல டாக்டரக் காட்டுதாங்களாம். நீங்க பக்கத்துல இருந்தாத்தான் எனக்குப் பேச வரும்"னாள்.

இதுல ஒண்ணு கவனிங்க. முந்தின நாள்தான் தலையில ரெண்டு குடம் தண்ணியோட அந்த மேட்டுல ஏறி வந்தாள். ஆனா வலி சொல்லிட்டா வரும்? நான் சரின்னேன். என் பொண்டாட்டிக்காக நான் எதுக்கும் பக்கத்துல உட்காருவேன்.

நர்சம்மா பேரு தமயந்தி. எங்க ஊரு துணை சுகாதார நிலையத்துல இருக்குது. நல்ல பொண்ணு, சத்தமாப் பேசும், அதனாலயே எனக்குப் பிடிக்கும். ஒரு பை நிறைய சாமான், ஒரு பெரிய போன். போனைக் கொண்டு வந்து அரிசி டப்பா மேல சாய்ச்சு வச்சுது. டாக்டர் பேச்சைக் கேட்டுப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள்ள வண்டு விட்ட மாதிரி இருக்கு. என் வீட்டுல, மைக் செட்டுக்காரன் வீட்டுல, இந்தச் சத்தத்தையா வச்சு வைத்தியம் பார்க்குறது? ஊரு என்ன பேசும்? "அஞ்சு நிமிசம் பொறு தாயி"ன்னுட்டு ஒரு வயரை எடுத்து, போன்ல சொருகி, என் பெரிய பெட்டியில கொடுத்துட்டேன். கூடவே மாடியில கிடக்கிற குழாய்க்கும் ஒரு இணைப்பு. அது பழைய இணைப்பு, கழற்ற மறந்துட்டேன்.

"வணக்கம். நான் டாக்டர் மெர்லின். நான் பேசுறது கேக்குதா?"

கேட்டுச்சு தம்பி. எங்க வீட்டுக்குக் கேட்டுச்சு, தெருவுக்குக் கேட்டுச்சு, ஊருக்குக் கிழக்கே மந்தையில ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தவன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஓடி வந்தான், யாரோ மந்திரி வந்துட்டாங்கன்னு. ரெண்டாவது கேள்வி என்ன கேட்டுச்சு தெரியுமா? "ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" வாசல்ல கூடியிருந்த பொம்பளைகள்ல ஒருத்தி, "எனக்குப் போகுதும்மா, அவளைக் கேளு"ங்கிறாள். ஒரே சிரிப்பு.

"அங்க எத்தனை பேர் இருக்கீங்க?"ன்னு டாக்டரம்மா கேட்டுச்சு.

"முப்பது பேர் இருப்பாங்க தாயி. நீங்க பேசப் பேச இன்னும் சேரும்"னு நான் தைரியம் சொன்னேன். ஆனா அந்தப் பொண்ணுக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமில்லை போல. வயரைக் கழற்றச் சொல்லிடுச்சு. கழற்றினேன். மறுபடியும் தகர டப்பா, வண்டு.

அப்புறம்தான் கூத்து. தமயந்தி வாசல்ல கூட்டத்தை விரட்டப் போயிருந்துச்சு. டாக்டரம்மா வடிவைப் பார்த்து, "பேஷண்ட் பேரை நீங்களே ஒரு தடவை சொல்லுங்கம்மா, சரி பாத்துக்கிடுதேன்"னுச்சு. இவள் என்ன செய்யணும்? சங்கரவடிவுன்னு சொல்லணும். சொல்லலை. முகட்டைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கிறாள். தன் பேரைச் சொல்ல இவ்வளவு வெட்கமா? போன்ல ஆளைப் பார்த்ததும் சொந்தப் பேரே மறந்து போச்சு பாவம்.

நான்தான் சொன்னேன். "சங்கரவடிவு தாயி. வயசு அறுபத்தொண்ணு."

அந்தப் பொண்ணு எதையோ பார்த்துட்டு, "இங்க வேற பேர் இருக்கே"ன்னுச்சு.

"அப்ப உங்க லிஸ்ட்டுதான் தப்பு. அடிச்சுட்டு எழுதிக்கோங்க. போன தடவை என்னை ஆகாசம்னு எழுதினவங்கதானே நீங்கள்லாம்"னேன்.

அதுக்குள்ள தமயந்தி ஓடி வந்து போனைத் தன் பக்கம் திருப்பி, குசுகுசுன்னு என்னமோ சொல்லுச்சு. எழுதினது தப்புன்னு ஒத்துக்கிட்டிருக்கும்.

அதுக்குப் பிறகு நடந்த வைத்தியத்தைக் கேளுங்க. அம்மாவுக்கு நடந்தா மூச்சு வாங்குதான்னு கேள்வி. முட்டிக்கும் மூச்சுக்கும் என்னம்மா சம்பந்தம்னு நான் கேட்கிறேன், வடிவு பாட்டுக்குத் தலையாட்டுறாள். "எப்ப வாங்குது?" "மேல காயும்போது நடந்தா வாங்குது." "எது காயும்போது?" இவள் மறுபடி முகட்டைப் பார்க்கிறாள். "வெயில்ல தாயி, வெயில்ல"ன்னு அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கு. படுக்கும்போது எத்தனை தலையணைன்னு அடுத்த கேள்வி. மூணு விரலைக் காட்டுறாள். இவள் எங்கே தலையணை வச்சாள்? இருக்கிற மூணையும் என் தலைக்குத்தான் அடுக்கி வைப்பாள். நான் தாழப் படுத்தா அவளுக்குத் தூக்கம் வராதாம்.

ரத்தக் கொதிப்பு பார்க்கிற பட்டையை எடுத்த தமயந்தி, நேரா வந்து என் கையில சுற்றுது. "அவ கையில சுத்து தாயி"ன்னா, "மிஷின் சரியா இருக்கான்னு மொதல்ல உங்கட்டப் பாத்துக்கிடுதேன் தாத்தா"ங்குது. சரி, நானும் ஒரு செட்டு வச்சிருக்கிறவன். ஒன் டூ த்ரீ சொல்லிப் பார்க்காம மைக்கை யார் கையிலயும் கொடுக்க மாட்டேன். விரல்ல மாட்டுற கிளிப்பையும் எனக்கே மாட்டுச்சு. அதுல என்ன நம்பர் வந்துச்சோ, தமயந்தி முகம் சுருங்கிப் போச்சு. மிஷின் கோளாறுதான். அந்த நம்பரை டாக்டர்கிட்ட வேற படிச்சுக் காட்டுது.

"கால்ல அமுக்கிப் பாருங்கம்மா, குழி விழுதா?"ன்னு டாக்டரம்மா கேட்டா, வடிவு தன் காலை அமுக்காம கீழே உட்கார்ந்து என் காலை அமுக்குறாள். பாவம், நாற்பத்துமூணு வருஷமாக் கால் பிடிச்சுவிட்ட பழக்கம். குழி விழுந்துச்சு. விழுந்த குழி மேலேயே வரலை. தமயந்தி அந்தக் காலைப் போன்ல பிடிச்சுப் படம் காட்டுது. அடுத்தவன் காலைப் பார்த்து வைத்தியம் சொல்ற டாக்டரை இப்பத்தான் பார்க்கிறேன்.

இந்தச் சமயத்துலதான் அந்தச் சத்தம் வந்துச்சு.

"அங்க ஏதோ விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வருதே. ஃபேனா?"

ஃபேனை நிறுத்தினோம். "இன்னும் வருதே. அடுப்புல எதுவும் இருக்கா?" அடுப்பே பற்ற வைக்கலை. "எல்லாரும் ஒரு நிமிசம் பேசாம இருங்க"ன்னுச்சு. இருந்தோம். நானும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். எனக்கு ஒண்ணும் கேட்கலை. என் காதுக்குக் கேட்கலைன்னா அது இந்த வீட்டுல இல்லை. "உங்க பக்கம் லைன்ல கோளாறு தாயி. நல்ல ஆளா வச்சு வயரைப் பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன், அந்தப் பொண்ணு என் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கு. நோயாளி பக்கத்துல இருக்கிறாள், பார்வை என்னமோ என் மேல.

"ஐயா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

என் வீடு தம்பி. நான் கட்டின வீடு. மதுரையில உட்கார்ந்துக்கிட்டு ஒரு சின்னப் பொண்ணு என்னை என் வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லுது. போனேன். வாசல்ல போய் மேலே போற வயரை ஒரு தட்டு தட்டிவிட்டு ஜன்னல் வழியாக் கேட்டேன், "இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப சத்தம் இல்ல தாத்தா"ன்னுச்சு தமயந்தி.

பார்த்தீங்களா? நான் வெளியே வந்து கையை வச்சதும் சரியாப் போச்சு. வாசல்ல நின்ன ஆளுங்ககிட்டயும் சொன்னேன். படிச்சவங்களால கண்டுபிடிக்க முடியாத கோளாறு, ஒரே தட்டு.

ஜன்னல் வழியாப் பார்த்தா, வடிவு பேசுறாள். பத்து நிமிஷம் நிறுத்தாமப் பேசுறாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுறாள். நான் பக்கத்துல இருந்தாத்தான் பேச வரும்னவள். பெட்டி வயரைக் கழற்றிட்டதால என்ன பேசினாள்னு கேட்கலை. ஒரு இடத்துல நெஞ்சுல கையை வச்சுத் தோளை இப்படித் தூக்கித் தூக்கி இறக்கிக் காட்டுறாள். முட்டி வலியை யாராவது அப்படிக் காட்டுவாங்களா? அப்புறம் கண்ணைத் துடைச்சாள்.

என்னை உள்ளே கூப்பிட்டாங்க. டாக்டரம்மா ரொம்பத் தன்மையாப் பேசுச்சு. "ஐயா, அம்மாவ நாளான்னைக்கு மதுரைக்குக் கூட்டிட்டு வந்துடணும். தள்ளிப் போட்டா ஆபத்து. நீங்க வரலைன்னா அவங்க வர மாட்டாங்களாம். அதுவரைக்கும் நீங்க மரம் ஏறக் கூடாது, கனமாத் தூக்கக் கூடாது."

"முட்டி அவளுக்கு. நான் ஏன் மரம் ஏறக் கூடாது?"

"நீங்க விழுந்தா அவங்கதான தூக்கணும்?"

அது நியாயமான பேச்சு. ஒத்துக்கிட்டேன். தமயந்தி வேற, ஆம்புலன்ஸ் வரச் சொல்றேன் தாத்தான்னு ஒத்தைக் கால்ல நிற்குது. முட்டி வலிக்கு ஆம்புலன்ஸா? ஊரு சிரிக்கும்னேன். பஸ்லதான் போவோம்னேன்.

மாத்திரை குடுத்தாங்க. வடிவு தனக்கு ஒண்ணு எடுக்கிற மாதிரி எனக்கும் ஒண்ணு குடுப்பாள், சத்து மாத்திரைன்னு. அவள் விழுங்கி நான் பார்த்ததில்லை, மறைவாப் போட்டுக்குவாள் போல. உப்பை நிறுத்திட்டாள். உப்பில்லாத சோறு தின்னதுலேருந்து எனக்கு அரை மணிக்கு ஒரு தடவை ஒண்ணுக்கு வருது. மூணு தடவை இந்தப் பஸ்ஸை நிறுத்தினதுக்கு நீங்களும் சாட்சி. கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. ஆனா ஒண்ணு சொல்லணும், கால் செருப்புக்குள்ள நல்லா நுழையுது. செருப்பு விரிஞ்சு குடுத்துடுச்சு.

இப்ப சொல்லுங்க தம்பி, இது ஒரு வைத்தியமா? நோயாளி பேரு தப்பு, பார்த்த காலு தப்பு, மிஷின் கோளாறு, லைன் கோளாறு. இத்தனை தப்பையும் வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்னத்தைக் கண்டுபிடிச்சிருக்கும்? ஆனா வடிவு நம்புறாள். அவளுக்காக வாரேன்.

இருங்க. போன் அடிக்குது. எங்கே வச்சேன். இந்தா.

ஹலோ. ஆமா. ஆஸ்பத்திரிலேருந்தா? வந்துக்கிட்டேயிருக்கோம் தாயி, காரியாபட்டி எப்பவோ தாண்டியாச்சு, மதுரைக்குள்ள நுழைஞ்சாச்சு. என்னது? பேஷண்ட் எப்படி இருக்காங்களா? நல்லாயிருக்கிறாள், முன்னாடி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு வர்றாள். முகத்தைக் காட்டணுமா? இது என் முகம். ஆமா, என் முகம்தான், அதை ஏன் இப்படிப் பார்க்குற. பேசக் கூடாதா? யாரு பேசக் கூடாது? அவள் எங்கே பேசுறாள், நான்தான் பேசிக்கிட்டு வாரேன். எட்டயபுரத்துலேருந்து. என்னது? கூட வந்தவங்ககிட்ட குடுக்கணுமா? கூட வந்தவனே நான்தான் தாயி. அம்மாகிட்டயா? சரி, சரி, கத்தாத.

தம்பி, இந்தப் போனை முன் சீட்டுக்காரர்கிட்ட குடுத்து, அந்தப் பச்சைச் சேலைகிட்ட சேர்க்கச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், முழுச் சத்தம் வச்சிருக்கேன். தகர டப்பான்னாலும் கேட்கும்.

போய்ச் சேர்ந்துச்சா? சேர்ந்துச்சு. என்ன கேட்குது? பேரைக் கேட்குது. மறுபடியும் பேரு. ஒரே மாதிரிப் பேர்ல ரெண்டு ஆள் இருக்காங்களாம், பேஷண்ட் பேரைச் சரியாச் சொன்னாத்தான் கட்டில் எழுத முடியுமாம். அந்தா, முகட்டைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாள். திரும்பி என்னைப் பார்க்கிறாள். இருங்க, நானே எழுந்து சொல்லிடுறேன். சங்கர

சங்க

இல்லை. பிடிக்காதீங்க. உட்கார்ந்துக்கிறேன். வரலை. மூச்சு...

கேட்டீங்களா தம்பி?

எழுந்து நின்னுட்டாள். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. கண்ணு என் மேலயே இருக்கு. வெயிலுமுத்துன்னாள். அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுச்சு. "வெயிலுமுத்து. ஆமா, வெயிலுமுத்துதான். அறுபத்தேழு வயசு. நெஞ்சுக்குத்தான். சீக்கிரம் கட்டில் போட்டு வைங்கம்மா." முட்டிக்குன்னு சொல்லலை.

நாற்பத்துமூணு வருஷம். என் காதுல விழாத சத்தம் அது ஒண்ணுதான். இன்ஜின் இரைச்சல் ஒரு பக்கம், டிரைவர் பய போட்டிருக்கிற பாட்டு ஒரு பக்கம், எல்லாத்துக்கும் மேலே வந்துச்சு. எக்கோ இல்லை. துளி கரகரப்பு இல்லை.

ஆயுசு குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு சொல்லிட்டாள்னு நினைக்கிறீங்களா? இல்லை தம்பி. சொன்னா எவ்வளவு குறையும், சொல்லாட்டி எவ்வளவு குறையும்னு கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஒண்ணு கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்க. பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க. விசில் மாதிரி ஏதாவது சத்தம் கேட்குதா? இப்ப, நான் பேசாம இருக்கும்போது?

ம்.

எட்டயபுரத்துலேருந்தேவா? சொல்லியிருக்கலாமே.

வந்துட்டாள், பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு. கண்டக்டர்கிட்ட ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தச் சொல்லிட்டாளாம். வாங்கங்கிறாள், கையை நீட்டுறாள். அதே கைதான், குழி விழுதான்னு அமுக்கிப் பார்த்த கை. வாரேன்டி, வாரேன். உனக்காகத்தான் வாரேன்னு ஊர்ல சொல்லிட்டேன், அதை மாத்த முடியாது பார்த்துக்கோ.

கொஞ்சம் காலை மடக்குங்க தம்பி. பேஷண்ட் இறங்கணும்.

நான் போனதும் அந்த ஜன்னலை மூடிக்கோங்க.